அலை பிரிக்கும் மணல்

கடலரிப்பு, படிவு ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்பில் நடத்தும்போது நான் ஒரு கேள்வியுடன் தொடங்குவேன்: "கரையில் தெரியும் கறுப்பு மணல் எப்படி வந்தது?" பெரும்பாலோர் "கடல் கொண்டுவந்து போட்டது" என்பார்கள். அது பாதி விடைதான்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழமையான பாறைகள் சிதைந்து, ஆறுகளின் வழியே மணலாகக் கடலை அடைகின்றன. அம்மணலில் வெளிர்நிறக் குவார்ட்ஸ் உண்டு. அது சிலிக்கன் டை ஆக்சைடு. ஒரு கன சென்டிமீட்டருக்கு அதன் நிறை 2.65 கிராம். கறுப்பு இல்மனைட்டும் உண்டு. அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதன் நிறை ஏறத்தாழ 4.7 கிராம்.

கரையேறும் அலை இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகிறது. திரும்பும்போது நீரின் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால் வேகம் குறைகிறது. அந்த நீர் இலேசான குவார்ட்ஸை எளிதில் இழுத்துச் செல்கிறது. கனமான இல்மனைட் தங்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் வெண்மணலை அரிக்கும்போது கறுப்புப் பட்டை துலங்குகிறது. ஆகவே அப்பட்டை, வந்து சேர்ந்ததை மட்டுமல்ல, கரை இழந்ததையும் காட்டுகிறது. கடலோரப் பிள்ளைகள் தம் கரையைத் தாமே படிக்க இந்தப் புரிதல் உதவும்.

செயல்பாடு

தேவையானவை: தட்டு, நீர், காந்தம், பாலித்தீன் உறை, வினிகர், சாதாரண மணல், கிளிஞ்சல் துண்டுகள். மணவாளக்குறிச்சிக் கருமணலில் தோரியம் கொண்ட, கதிரியக்கமுள்ள மோனசைட்டும் இருப்பதால் அதை வகுப்பறையில் சேமிக்க வேண்டாம்.

1. இரண்டு கரண்டி மணலைத் தட்டிலிட்டு நீரூற்றிச் சாய்த்து, மெல்ல ஆட்டுக. எந்தத் துகள்கள் பின்தங்குகின்றன?

2. மணலை உலர்த்தி, உறையிலிட்ட காந்தத்தை அருகே கொண்டுசெல்க. மேக்னடைட் நன்றாக ஒட்டும். இல்மனைட்டின் ஈர்ப்பு மிகக் குறைவு. எனவே கறுப்புத் துகள்கள் அனைத்தும் ஒட்டாது.

3. கிளிஞ்சல் துண்டுகள் மீதும் மணல் மீதும் தனித்தனியே வினிகர் விடுக. கிளிஞ்சலின் கால்சியம் கார்பனேட் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைத் தரும், குவார்ட்ஸ் தராது.

மதிப்பீடு

பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் கரையை வரைந்து ஒப்பிடச் சொல்லலாம். "கறுப்புப் பட்டை அகன்றால் வெண்மணல் எங்கே போயிருக்கும்?" என்ற கேள்விக்குக் காரணத்துடன் விடையளிப்பவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் எனக் கொள்ளலாம்.