உழைப்பும் ஓய்வும்

“யப்பானியர் பிறவியிலேயே உழைப்பாளிகள்; மேலிடத்துக்கு மறுபேச்சுப் பேசமாட்டார்கள்” என்று நம்மவர் வியந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது உண்மைதானா?

20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யப்பானுக்குச் சென்ற மேல்நாட்டார் சிலர், அம்மக்கள் சோம்பலுள்ளவர்கள், நேரத்தின் அருமை அறியாதவர்கள் என்று கூறினார்கள். அதே மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே பின்னர் உழைப்புக்கு உதாரணமானார்கள். ஆகவே, பிறவிக்குணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவ்வக்காலத் தொழில் அமைப்பின் விளைவேயாகும்.

அந்தப் புகழுக்குக் கொடுத்த விலையும் பெரிது. மிதமிஞ்சிய வேலையினால் மாரடைப்போ மூளையில் இரத்தப்பெருக்கோ ஏற்பட்டு இறப்பதற்கு அங்கே ‘கரோஷி’ என்று தனிப்பெயரே உண்டு. 1982ல் வைத்தியர் மூவர் இப்பெயரில் ஒரு நூல் வெளியிட்டனர். கணவரை, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நீதி கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடின. ‘மறுபேச்சுப் பேசாதவர்கள்’ எனப்பட்ட அம்மக்களின் குரலே 2014ல் கரோஷித் தடுப்புச் சட்டம் பிறக்க வழிசெய்தது. 2018ல் நிறைவேறிய மற்றொரு சட்டம் மேலதிக வேலைக்கு வருடத்துக்கு 720 மணித்தியாலம் என எல்லை வகுத்தது. வைத்தியர்களுக்கோ 2024 ஏப்ரலில்தான் எல்லை வந்தது. அதுவும் பொதுவாக 960 மணித்தியாலம், சில வைத்தியசாலைகளில் 1,860 வரை! பிறர் உயிரைக் காப்பவர்களுக்கே ஓய்வு கடைசியாகக் கிடைத்தது.

திருச்சபை என்ன சொல்கிறது? பாப்பரசர் 13ம் சிங்கராயர் 1891லேயே தொழிலாளியின் ஓய்வை ஓர் உரிமையாக வலியுறுத்தினார். மனிதனுக்காகவே வேலை, வேலைக்காக மனிதன் அல்ல என்று பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் 1981ல் தமது தொழில் பற்றிய சுற்றுமடலில் போதித்தார். பணி முடித்துத் திரும்பிய அப்போஸ்தலர்களைத் தனிமையான இடத்துக்குச் சென்று சற்றே இளைப்பாறும்படி ஆண்டவரே பணித்ததை மாற்கு நற்செய்தியின் 6ம் அதிகாரத்தில் காண்கிறோம்.

பெற்றோரே, உழைப்பு புண்ணியமே. சோம்பலுக்கு இங்கே இடந்தேடவில்லை. ஆனால், இரவுக் கடமை முடிந்து வரும் மகளிடம், “தாதிக்குக் களைப்பு வரலாமா?” என்று கேட்பது அன்பாகாது. நேரத்துக்கு வீடு திரும்பும் மகனை, “முன்னேறத் தெரியாதவன்” என்று பழிப்பதும் நீதியாகாது. அவன் வரவை எதிர்பார்த்து ஒரு பிள்ளை வாசலில் நிற்கலாம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. எந்த மக்களை ‘சோம்பேறிகள்’ என்று நம் வீட்டில் பேசுகிறோம்? அவர்களுடைய வேலையின் சுமையை அறிவோமா?

2. ஞாயிறு நம் இல்லத்தில் உண்மையாகவே ஓய்வு நாளா? அன்று அடுக்களையில் நிற்கும் தாய்க்கும் அப்படித்தானா?