கோட்டைக்கு வந்த சித்தி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்து, மனைவியைப் பறிகொடுத்த ஒரு பிரபு, அவனுக்கு வாழ்க்கைப்படும் இளம் விதவை, அவளைத் துரத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட நான்கு பிள்ளைகள். கதைக்கு இது தாராளம். நடையும் உனக்குக் கைவந்திருக்கிறது. ஆனால் சிரிப்புதான் வரவில்லை. படுக்கையில் தவளை, செருப்புக்குள் மாவு, சூப்பில் ஒரு கை உப்பு. இதையெல்லாம் அண்ணா நகர் அடுக்குமாடியிலும் செய்யலாமே, கோட்டை எதற்கு?

உன் பிள்ளைகள் சித்தியை ஏன் வெறுக்கிறார்கள்? ‘அம்மா இருந்த இடத்தில் இன்னொருத்தியா’ என்று எழுதியிருக்கிறாய். சரிதான், ஆனால் பாதிதான். அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, அவள் ஆயுள் முடியும்வரை. உன் கதாநாயகிக்கு இருபது வயது, மூத்த பையனுக்குப் பன்னிரண்டு. அப்பா போனபிறகும் அந்த மூன்றில் ஒரு பங்கு கைக்கு வர அவன் கிழவனாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இது தெரிந்த பையன் சித்தியை எப்படிப் பார்ப்பான் என்று யோசி. அவள் இருமினால் அவனுக்கு ஒரு நம்பிக்கை. அவள் இரண்டாம் முறை இறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அவன் முகம் தொங்கிப்போகும். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஒரு விருந்துக் காட்சியையே இப்படி நடத்தலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. நான்காம் ஹென்றி மன்னன் 1403-இல் நவார் நாட்டு ஜோனை இரண்டாம் தாரமாக மணந்தான். அவளுக்கு எழுதிவைத்த வருமானம் ஆண்டுக்கு 10,000 மார்க். (ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.) மூத்தாள் மகன் ஐந்தாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தான். பிரான்சுப் போருக்குப் பணம் தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்த 1419-இல், சித்தி தன்னைக் கொல்ல சூனியம் வைத்தாள் என்று ஒரு புகார் எழுந்தது. விசாரணையே நடக்கவில்லை, சொத்து மட்டும் பறிமுதலானது. 1422-இல் சாகும் தறுவாயில், மனசாட்சி உறுத்தியோ என்னவோ, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அந்த அம்மாள் அவனுக்குப் பிறகும் பதினைந்து ஆண்டு இருந்தாள். உன் பையனின் பயம் எவ்வளவு நியாயமானது, அது எவ்வளவு அசிங்கமாகப் போகக்கூடும் என்பதற்கு இந்த ஒரு கதை போதும். நகைச்சுவை எழுதுகிறவளுக்கு அடியில் இருக்கும் இந்த இருட்டு தெரிந்திருக்க வேண்டும்.

இனிப்பான பக்கம் வேண்டுமானால் கேதரின் ஸ்வின்ஃபோர்டைப் படி. லிங்கன்ஷயரில் ஒரு சாதாரண நைட்டின் மனைவி. அரசகுமாரன் ஜான் ஆஃப் கான்ட் வீட்டில் பெண் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்தாள். அவள் தங்கையோ அக்காவோ, பிலிப்பா, கவிஞர் ஜெஃப்ரி சாசருக்கு மனைவி. கணவன் இறந்த பிறகு அவளுக்கும் ஜானுக்கும் உறவு, நான்கு பிள்ளைகள். ஜானின் இரண்டாம் மனைவி 1394-இல் இறந்ததும், 1396 ஜனவரியில் லிங்கன் நகரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தைந்து.

அந்தக் கல்யாணத்துக்கு வந்த முட்டுக்கட்டை என்ன தெரியுமா? கேதரினின் முதல் கணவனுக்குப் பிறந்த பெண்ணுக்கு ஜான்தான் ஞானத்தகப்பன். திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவனும் குழந்தையின் தாயும் உறவாகிவிடுவார்கள், மணக்க முடியாது. நாலு பிள்ளை பெற்றவர்கள், போப்பாண்டவரிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்ததும் இன்னொரு கூத்து. அப்போது இங்கிலாந்தில் அரசி இல்லை. மன்னன் ரிச்சர்டின் மனைவி ஆன் 1394-லேயே காலமாகியிருந்தாள். ஆகவே நேற்றுவரை வைப்பாட்டி என்று ஏசப்பட்டவள், இன்று நாட்டின் முதல் சீமாட்டி. அவள் இருக்கும் இடத்துக்கே போகமாட்டோம் என்று பெரிய வீட்டுப் பெண்கள் முறுக்கிக்கொண்டதாக ஃப்ருவாசார் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னன் ரிச்சர்ட் பிரான்சு இளவரசியை மணந்துவந்தான். கேதரின் அந்த முதலிடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். புது அரசிக்கு வயது ஆறு.

மூத்தாள் பிள்ளைகளின் சேட்டைக்கும் அங்கே குறைவில்லை. ஜானின் மகள் எலிசபெத்துக்குப் பதினாறு, பதினேழு வயதில், எட்டு வயதுப் பையனான பெம்புரோக் பிரபுவைக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளை வளரும்வரை பொறுத்திருக்க அவளுக்கு மனமில்லை. அரண்மனையில் ஜான் ஹாலண்டோடு காதல், பிறகு கர்ப்பம். அவசரம் அவசரமாக முதல் திருமணத்தை ரத்துசெய்து 1386-இல் அவனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். மகன் ஹென்றியின் சேட்டை வேறு மாதிரி. அவன்தான் நான்காம் ஹென்றி மன்னன் ஆனவன். சித்தி இறந்தபின் 1407-இல், அவள் பெற்ற பிள்ளைகளின் சட்ட உரிமையை உறுதிப்படுத்தும் பத்திரத்தில் ‘அரச பதவி நீங்கலாக’ என்று ஒரு வரியைச் செருகினான். பலன்? 1485-இல் அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி, கேதரினின் கொள்ளுப்பேத்தி பெற்ற மகன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். கல்யாணத்தைத் தேவாலயத்துக்குள் பீடத்தின் முன் வைத்திருக்கிறாய். அங்கே அல்ல. வாசலில் நடக்கும், உறுதிமொழி, மோதிரம், மனைவிக்கு என்ன பங்கு என்ற அறிவிப்பு எல்லாம் வாசற்படியில். பிறகுதான் பூசைக்காக உள்ளே போவார்கள். இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது. மழை தூறுகிறது, ஊரே கூடி நிற்கிறது, அப்பா தன் நிலங்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மூத்தவன் விரல்விட்டு எண்ணுகிறான்.

அதற்கு முன்னால் ஓலை வாசிப்பு, அதாவது இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார் என்று கோவிலில் அறிவிப்பது. 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் இதைக் கட்டாயமாக்கியது. தடை இருப்பதாகத் தெரிந்தவர் முன்வந்து சொல்லலாம். அதே சங்கம், விலக்கப்பட்ட உறவை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. அதாவது கொள்ளுத்தாத்தாவின் அப்பா இருவருக்கும் ஒருவராக இருந்தால் கல்யாணம் கூடாது. உன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் துறவி ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவர் மை, இறகு, தோல் சுருளைத் திருடி அவர்கள் ஒரு வம்சாவளி எழுதட்டும். மூன்றாம் தலைமுறை வரை சரியாக வருகிறது. நாலாவதற்குப் பெயர் கிடைக்காமல், இரண்டாவது பையன் தன் வேட்டைநாயின் பெயரை எழுதிவிடுகிறான். பங்குச்சாமியார் அதைக் கோவிலில் உரக்க வாசிக்கிறார். நாய் எழுந்து வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் ஆசை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாண்டர் வகுத்த முறைப்படி, ‘உன்னை இப்போதே என் கணவனாக (அல்லது மனைவியாக) ஏற்கிறேன்’ என்று இருவரும் சொல்லிவிட்டால் போதும். சாமியாரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், கல்யாணம் முடிந்தது. பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதினான்கு நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவே. சித்தியைக் கேலிசெய்ய உன் கதையின் மூத்த பெண் அந்தக் கல்யாணத்தையே நடித்துக்காட்டுகிறாள். மாப்பிள்ளை வேடத்தில் குதிரை லாயத்துப் பையன். அவளுக்குப் போன வாரம்தான் பன்னிரண்டு முடிந்தது. விளையாட்டுக்குச் சொன்னது என்று திருச்சபை நீதிமன்றத்தில் நிரூபிப்பது யார் பொறுப்பு? இங்கேதான் சித்தி உள்ளே வரவேண்டும். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற அவள் ஒருத்திக்குத்தான் சட்டம் தெரியும். அவர்கள் இருவருக்கும் நட்பு பிறக்கும் இடம் இதுவாக இருக்கட்டும். நீ எழுதியிருக்கும் காய்ச்சல் காட்சி வேண்டாம்.

சில்லறைத் திருத்தங்களும் உண்டு. பிரபு வீட்டுப் பையன்களை ஏழெட்டு வயதுக்குமேல் வேறு பெரிய வீட்டுக்கு வளர அனுப்புவது வழக்கம். நால்வரும் வீட்டிலேயே இருக்கக் காரணம் சொல். விருந்தில் தக்காளி, உருளைக்கிழங்கு கூடாது, முள்கரண்டியும் கூடாது; தட்டுக்குப் பதில் காய்ந்த ரொட்டித் துண்டு. மிளகாயும் எடுத்துவிடு, அன்று நம் ஊரிலேயே அது கிடையாது. மிளகு போடலாம், மலபாரிலிருந்து வெனிஸ் வழியாக வந்த மிளகு பணக்காரர் வீட்டில் இருந்தது. மேசைவிரிப்பில் மூக்கைத் துடைக்காதே, கத்தியால் பல் குத்தாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் அக்காலத்து ஏடுகள் அச்சிலேயே கிடைக்கின்றன. எதையெல்லாம் செய்யாதே என்று சொல்கிறார்களோ, அதையெல்லாம் பிள்ளைகள் செய்தார்கள் என்று வைத்துக்கொள். டிசம்பரில் வரும் ‘சிறுவர் ஆயர்’ திருவிழாவையும் விடாதே: பாடகர் குழுப் பையன் ஒருவன் ஆயர் உடை அணிந்து, மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் பெரியவர்களுக்கே பிரசங்கம் செய்வான். சால்ஸ்பரி கதீட்ரலில் நடந்தது. உன் கடைக்குட்டிக்கு அந்த உடை பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இல்லை என்று யாராவது உன்னை மிரட்டினால் நம்பாதே. பிலிப் ஆரியேஸ் 1960-இல் அப்படி எழுதினார்; பின்னால் வந்த நிக்கோலஸ் ஆர்ம் போன்றவர்கள் பொம்மைகளையும் விளையாட்டுகளையும் பள்ளி ஏடுகளையும் காட்டி மறுத்துவிட்டார்கள்.

இரண்டாம் அத்தியாயத்தை ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி, முழுக்கத் திருப்பி எழுது. மாதக் கடைசிக்குள் அனுப்பினால் நிதானமாகப் படிப்பேன். தலைப்பை மட்டும் மாற்றாதே, அது நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியப்பா