புறக்கோட்டையில் வழி தவறாமல் இருக்க

வெளியூரிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்த பிள்ளைகளும், பிள்ளையை அனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், நான் மட்டக்களப்பு. முகாமைத்துவம் படிக்கக் கொழும்புக்கு வந்து சில மாதங்கள்தான். வெள்ளவத்தையில் போர்டிங். ஒவ்வொரு முறை புறக்கோட்டைக்குப் போகும்போதும் வழி தவறிவிடுகிறது. போனுக்குச் சார்ஜர் வாங்கப் போய் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். பின்னால் மூட்டை சுமந்து வந்த நாட்டாமை ஒருவர் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டார். எந்தப் பக்கம் விலகுவதென்றே தெரியவில்லை. "வெள்ளவத்தையிலேயே எல்லாம் இருக்கே, அங்கே ஏன் போகிறாய்?" என்று அறைத்தோழிகள் கேட்கிறார்கள். நான் அங்கே போகத்தான் வேண்டுமா?
— மாணவி, மட்டக்களப்பு

பதில்: போகத்தான் வேண்டும், மகள். தோழிகள் சொல்வதில் பொய் இல்லை. வெள்ளவத்தையில் இடியப்பம், சொதி, கோயில், ரியூசன், ஊர்க்காரர் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அந்தச் சுகத்தில் நாலு வருடமும் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவிலேயே இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியிருப்பார்கள். ஒரு திணைக்களத்துக்குத் தனியே போய் ஒரு படிவம் வாங்கி வரச் சொன்னால் தயங்குவார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

முதலில் வழி. புறக்கோட்டையின் தெருக்கள் ஒல்லாந்தர் காலத்தில் நேர்கோடாகப் போடப்பட்டவை. பார்க்கும்போதுதான் குழப்பம்; அமைப்பு மிக எளிது. ஓர் ஏணியைப் படுக்க வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக் கட்டை ஒல்கொட் மாவத்தை, மறுபக்கத்துக் கட்டை பிரதான வீதி, நடுவில் உள்ள படிகள் முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை. கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே ஒல்கொட்டின் சிலை இருக்கிறது. சிலையடியில் நின்று வீதியைக் கடந்தால் ஏணிக்குள் வந்துவிட்டீர்கள். இலக்கம் கூடக் கூட நீங்கள் கோட்டையை விட்டு விலகிக் கிழக்கே போகிறீர்கள் என்று பொருள். எந்தக் குறுக்குத் தெருவிலும் நேரே நடந்தால் ஒரு முனையில் பிரதான வீதி, திரும்பி நடந்தால் மறுமுனையில் ரயில் நிலையப் பக்கம். இடையிடையே கெய்சர் வீதி, மலிபன் வீதி என்று குறுக்கே வரும். அவற்றைக் கண்டு மனம் தடுமாற வேண்டாம்.

அடையாளத்துக்கு மூன்று கட்டடம் போதும். பிரதான வீதி தொடங்குகிற இடத்தில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று கட்டிக் கொடுத்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் வரி வரியாக நிற்கும் சம்மாங்கோட்டார் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தார்கள். கிழக்கு முனையில் பழைய நகர மண்டபம். அதை ஒட்டிச் செட்டியார் தெரு தொடங்கும். அதிலேயே நடந்தால் கதிரேசன் கோயில்களையும் நகைக் கடைகளையும் தாண்டிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்விடலாம். இந்த மூன்றில் ஒன்று கண்ணுக்குப் பட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது விளங்கிவிடும்.

இனிச் சாமான். ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்பது இங்கே பழைய வழக்கம். சார்ஜர், கேபிள், போன் உறை எல்லாம் முதலாம் குறுக்குத் தெரு. நீங்கள் போய் நின்றது நாலாம் குறுக்குத் தெருவாகத்தான் இருக்கும். பம்பாய் வெங்காயம், உருளைக்கிழங்கு, சீனி, பருப்பு என்று மொத்த வியாபாரம் நடக்கும் இடம் அது. ஐந்தாம் குறுக்குத் தெருவும் அப்படியே. கொப்பி, தாள் வகைக்கு மலிபன் வீதி. சுக்கு, திப்பிலி, அதிமதுரம் என்று மருந்துச் சரக்குத் தேடினால் கபோஸ் ஒழுங்கை. அதற்குள் நுழையும்போதே மணம் சொல்லிவிடும். இரும்புச் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு. மரக்கறிக்கு மனிங் சந்தைக்குப் போ என்று ஊரில் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தச் சந்தை இப்போது பேலியகொடைக்குப் போய்விட்டது.

நீங்கள் முகாமைத்துவ மாணவி என்பதால் நாலாம் குறுக்குத் தெருவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். மத்திய வங்கி நாளாந்தம் வெளியிடும் விலை அறிக்கையில் புறக்கோட்டை மொத்த விலைக்குத் தனி இடம் உண்டு. உங்கள் ஊர்க் கடையில் பருப்பு என்ன விலைக்குப் போகும் என்பது பெரும்பாலும் அந்தத் தெருவில்தான் முடிவாகிறது. காலையில் ஒரு கடையோரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். லொறியிலிருந்து மூட்டை இறங்கும். நாட்டாமைகள் முதுகை வளைத்து, சாக்கைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் வாங்கி, ஒரு கையால் அதன் காதைப் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். பாரம் முதுகில் இருக்கும்போது அவர்களால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அதனால்தான் சத்தம் போடுகிறார்கள். அவர்களில் மலையகத்திலிருந்து வந்த நம் ஆட்கள் பலர். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் கடைப் பக்கம் ஒதுங்குங்கள். உள்ளே முதலாளி தராசைப் பார்த்தபடியே போனில் விலை கதைப்பார். தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார். பாடப் புத்தகத்தில் விநியோகச் சங்கிலி என்று ஓர் அத்தியாயம் வரும்போது உங்களுக்கு அது இலேசாக விளங்கும்.

பேரம் நடைபாதைக் கடையில் பேசலாம், நிலையான கடையில் "கடைசி விலை என்ன?" என்று ஒருமுறை கேட்டால் போதும். மின் சாமானைக் கடையிலேயே பொருத்திப் பார்த்து, முத்திரை குத்திய பில் வாங்குங்கள். பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். போயா நாளில் போகாதீர்கள். ஞாயிறன்றும் பல கடைகள் பூட்டு.

வெள்ளவத்தையிலிருந்து போக ரயில்தான் நல்லது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம், அடுத்தது கோட்டை. இடப்பக்கம் இருந்தால் வழியில் பெரும்பகுதி கடல். பஸ் என்றால் காலி வீதியில் 100, 101 இரண்டும் புறக்கோட்டைக்கு வரும். நடத்துநர் "பிட்டகொட்டுவ" என்று கூவுவது புறக்கோட்டையைத்தான். மிச்சக் காசை இறங்குமுன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. புறக்கோட்டைக் கடைகளில் உங்கள் தமிழ் தாராளமாகச் செல்லும், பயப்பட ஏதுமில்லை. ஆனாலும் அங்கே நாளுக்கு நாலு வசனம் சிங்களத்தில் கதைத்துப் பழகுங்கள். விலை கேட்பதும் வழி கேட்பதும்தான் ஒரு மொழிக்குள் நுழைய நல்ல வாசல். பிழையாகச் சொன்னால் கடைக்காரர் திருத்திவிடுவார், மதிப்பெண் குறைக்க மாட்டார்.

கேள்வி: பின்னேரம் வகுப்பு முடிந்து நெரிசலான பஸ்ஸில் வரும்போது ஒருவன் திரும்பத் திரும்ப உரசினான். வாய் திறக்க முடியவில்லை. சிங்களமும் எனக்குச் சரியாக வராது. அடுத்த தரிப்பில் இறங்கி அழுதுகொண்டே நடந்தேன். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: பிள்ளை, இதில் உங்கள் பிழை ஒரு துளியும் இல்லை. முதலில் அதை நம்புங்கள். ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில், பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள மௌனம்தான் அவனைப் போன்றவர்களுக்குத் துணிச்சல் கொடுக்கிறது.

இது குற்றம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபடி, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அடுத்த முறை மொழியைப் பற்றி யோசிக்க வேண்டாம். தமிழிலேயே உரத்துச் சத்தம் போடுங்கள், "கையை எடு!" என்று ஒரு பெண் கத்தினால் பஸ்ஸில் யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. சாரதிக்குப் பின்னால், பெண்கள் இருக்கும் பக்கம் போங்கள். பஸ்ஸின் இலக்கத் தகட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119, பெண்கள் சிறுவர் பணியகம் 109, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மூன்றையும் போனில் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தோழி ஒருத்தியைக் கூட்டிப் போங்கள்.

வீட்டுக்குச் சொல்லுங்கள். இதை வாசிக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தொந்தரவு செய்தவன் தன் பாட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்க, பிள்ளையின் படிப்பை நிறுத்துவது அநியாயம்.

கேள்வி: போர்டிங்கில் ஆறு பேர், ஒரே சத்தம். இருந்து படிக்க இடமும், தமிழ்ப் புத்தகம் வாங்க இடமும் சொல்லுங்கள்.
— மாணவன், ஹட்டன்

பதில்: வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது; 1942இல் தொடங்கியது. அதன் நூலகம் உங்களுக்கு நல்ல இடம். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகமும் உண்டு. புத்தகத்துக்குச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை, புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு பொத்தகசாலை. வாங்காவிட்டாலும் போய்ப் புரட்டிப் பாருங்கள், தம்பி. புதிதாக யார் என்ன எழுதுகிறார்கள் என்பது தெரியவரும்.

கேள்வி: நான் கிளிநொச்சி. மகனுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாரும் சந்தோசப்படுகிறார்கள், எனக்கு மட்டும் நித்திரை இல்லை. 2007இல் என் தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது விடியமுன் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஊருக்கு இப்போது மகனை எப்படி அனுப்புவது?
— ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அது வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை அப்படித்தான் ஏற்றி அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அடுத்து நடந்ததையும் நாம் மறக்கக்கூடாது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுப் போட்டது. இந்த வெளியேற்றத்தை நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்தக் கட்டளை பிறந்தது புதுக்கடையில். 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி இருப்பதும் அதே புதுக்கடையில்தான். உங்கள் மகன் நாளாந்தம் அந்த நீதிமன்ற வளாகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவான். தாய்மாமனுக்கு நடந்ததை அவனுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். சட்டம் படிக்கப் போகிற பிள்ளை அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். புதுக்கடைக்குக் கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் நடை தூரம்; வெள்ளவத்தை என்றால் காலை நெரிசலில் பஸ் ஏற வேண்டும். கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டு அறை பாருங்கள். முற்பணம் எவ்வளவு, சாப்பாடு சேர்த்தா, விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுத்து வேண்டும். தேசிய அடையாள அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும், கல்லூரி அடையாள அட்டையும் கூடவே. குடியிருப்போர் விவரம் கேட்டுப் பொலிஸ் படிவம் வந்தால் தமிழ்ப் படிவம் கேட்டு நிரப்பி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அனுப்புங்கள், அம்மா. முதல் நாள் நீங்களும் கூட வாருங்கள். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஓட்டோ பிடிக்காமல், புறக்கோட்டைக்குள்ளால் புதுக்கடை வரை இருவரும் நடந்து போங்கள். அவன் தினமும் நடக்கப் போகும் வழியை நீங்களும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள்.