எங்கே பிடித்திருக்கிறது துரு?

வட சென்னையில், கடற்காற்று அடிக்கிற தெருவில் என் பட்டறை. பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் பைக்குகள்தான் அதிகம் வரும். 2009-10 வாக்கில் கம்பெனி அந்த எஞ்சினுக்கு விடை கொடுத்துவிட்டதால், கிடைத்த பாரல், ஹெட், கிராங்க் எதையும் தூக்கிப் போட எங்களுக்கு மனசு வராது. பரணில் ஏற்றி வைப்போம். இறக்கும்போது பாதிக்கு மேல் துருவோடு வரும். “இது தேறுமாண்ணே?” என்று கேட்பார்கள். எவ்வளவு துரு என்று நான் பார்ப்பதில்லை. எந்த முகத்தில் துரு என்றுதான் பார்ப்பேன். அந்தப் பாகத்தில் எந்த இடம் உரசுகிறது, எந்த இடம் உருள்கிறது, எந்த இடம் இழுபடுகிறது என்று தெரிந்தவருக்குப் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

தேறுவதும் தேறாததும்

பாரலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஃபின்னெல்லாம் செங்கல் நிறத்தில் உதிரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தால் போதும். கவனம் உள்ளே இருக்க வேண்டும். 350 புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. ரிங் ஏறி இறங்கும் அந்தச் சுவரை டீசல் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தை மேலிருந்து கீழே மெல்ல இழுப்பேன். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் கறை, ஹோனிங்கில் போய்விடும். எங்கேயாவது தட்டினால் குழி. அந்தக் குழி வழியாக கேஸ் கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறும். ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்குமா என்று விசாரித்த பிறகுதான் ரீபோருக்கு லேத்துக்கு அனுப்ப வேண்டும். அதே குழி அடி விளிம்பில், ரிங் எட்டாத இடத்தில் இருந்தால் நான் அதைத் தொடுவதே இல்லை.

பேரிங் இதற்கு நேர்மாறு. பளபளவென்று இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, வெளி வளையத்தைப் பிடித்துக்கொண்டு உள் வளையத்தை மெதுவாகச் சுற்றினால் ஒரே இடத்தில் லேசாக ‘நறுக்’ என்று கைக்குத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓடுபாதையில் கடுகளவு கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் குண்டு அதன் மேல் ஏறி இறங்கி, குழியின் ஓரம் செதிள் செதிளாகப் பெயர்ந்து, ஆயிலில் கலந்து மற்ற இடங்களையும் அரிக்கும். அந்த பேரிங் காயலான் கடைக்குத்தான். கழுவிய பேரிங்கை கம்ப்ரஸர் காற்றால் விர்ரென்று சுழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். உலர்ந்த பேரிங் அந்த வேகத்தில் கெட்டுவிடும், உடைந்து தெறிக்கவும் கூடும்.

கிராங்க் பின், கேம் மூக்கு, டேப்பட்டின் அடிமுகம் மூன்றுக்கும் பேரிங்கின் விதிதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி போகாது, அளவுதான் போகும். வால்வு ஸ்பிரிங்கில் குழி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கியரில் பல்லின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒன்றோடொன்று அழுந்தும் அந்த முகம் சுத்தமாக இருந்தால், மற்ற இடத்துத் துரு வெறும் அழகுப் பிரச்சினை.

துருவை எடுக்கும்போது

அவசரக்காரர்கள் பாத்ரூம் ஆசிட்டைத் தேடுவார்கள். துரு போகும், கூடவே நல்ல இரும்பும் போகும். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும் ஆபத்தும் உண்டு. ஸ்பிரிங், கனெக்டிங் ராடு போல்ட் போன்றவற்றை ஆசிட்டில் போடவே கூடாது. அதன் புகை இன்னொரு தொல்லை. ஆசிட் பாட்டிலின் மூடி சரியாக இறுகாத ஓர் அலமாரியில், எண்ணெய் பூசாத பாகமெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கனமான இரும்புப் பாகத்துக்கு எனக்குப் பிடித்தது சலவை சோடா முறை. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் முனை ஏதாவது ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். கிளம்பும் குமிழி ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது. அலுமினியத்தை இதில் போட்டால் சோடா அதைத் தின்றுவிடும். ஸ்பிரிங்குக்கு இங்கேயும் இடமில்லை.

எந்த முறையானாலும் கடைசி அரை மணி நேரம்தான் முக்கியம். தண்ணீரிலிருந்து எடுத்த இரும்பு கண் முன்னாலேயே மஞ்சள் பூக்கும். கொதிநீரில் கழுவினால் சூட்டிலேயே சீக்கிரம் உலரும். ஆயில் ஓட்டைகளில் காற்று அடித்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிட வேண்டும். அந்த ஓட்டைகளில் துருப்பொடி தங்கினால், புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை.

எடுத்து வைக்கும்போது

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். சென்னையில் அது பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேட்கவே வேண்டாம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் சில விஷயங்களில் நான் சமரசம் செய்வதில்லை.

பேரிங், கிராங்க் பின் போன்ற கிரைண்டிங் செய்த முகங்களை வெறுங்கையால் தொடுவதில்லை. வியர்வையின் உப்பு பட்ட இடத்தில், சில நாளில் கைரேகை அச்சாகவே துரு எழும்பும்.

பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது, கழிவு ஆயிலில் முக்கி வைப்பது. சும்மா கிடைக்கிறதே என்று ஆசைதான். ஆனால் அதில் எரிந்த எரிபொருளின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். புது ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் எத்தனையோ பாகத்துக்கு வரும். நீண்ட காலம் கிடக்கப் போவதற்கு கிரீஸ் இன்னும் நல்லது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் பிறந்தது, அதைச் சரியாகச் செய்யும். ஆனால் அதன் படலம் மெல்லியது. அதை அடித்துத் துடைத்துவிட்டு மேலே கிரீஸ் பூச வேண்டும்.

செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கோணிச்சாக்கு மூன்றும் ஈரம் குடிக்கும். புது பேரிங் சுற்றி வரும் விசிஐ தாள் கிடைத்தால் அதில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். பாகம் முழுக்க உலர்ந்த பிறகே மூட வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தையும் சேர்த்து அடைத்ததாகும். ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் உள்ளே போடலாம். நீல மணிகள் ரோஜா நிறமானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். பேட்டரி சார்ஜ் போடும் மூலையிலும் வேண்டாம்.

முழு எஞ்சினாக வைப்பதென்றால் பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, கிக்கரைச் சில தடவை மெதுவாக இறக்கி, பிஸ்டனை கம்ப்ரஷனின் உச்சியில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், வெளிக்காற்று உள்ளே வராது. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது எஞ்சினுக்கு நல்லது என்பார்கள். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். எஞ்சின் முழுச் சூடு ஏறாவிட்டால் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

ஏற்கெனவே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த இறுக்கம். டீசலும் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டையில் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

பரணில் ஏற்றும் ஒவ்வொன்றிலும் என்ன பாகம், என்ன அளவு, எந்தத் தேதி என்று ஒரு சீட்டு கட்டுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் இறக்கி, புதிதாக எண்ணெய் பூசுங்கள். புதுப்பேட்டையானாலும் வேறெங்கேயானாலும் பழைய பாகம் வாங்கப் போனால் டார்ச்சும் துணியும் கொண்டுபோங்கள். கிரீஸைத் துடைத்து, உழைக்கிற முகத்தை நகத்தால் தடவிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.