எந்த மின்கருவியை முதலில் வாங்குவது?

கூரை போட்டாயிற்று, சுவரும் எழுந்துவிட்டது. ஆனால் கதவு இல்லை. யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தறப்பாள் தொங்குகின்றது. மீளக் குடியேறிய கிராமங்களில் இவ்வாறு அரைகுறையாக நின்ற வீடுகளை நாம் பல தடவை பார்த்திருக்கின்றோம். 2012ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் தாமே வீட்டைக் கட்டும் பொறுப்பை ஏற்றன. குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. கல், சீமெந்து, மேசன் கூலி எல்லாம் போக, கதவு யன்னலுக்கு வரும்போது கை வெறுமையாகிவிட்ட குடும்பங்கள் உண்டு.

அப்போது ஒரு கேள்வி எழுகின்றது. "ஒரு மெசின் இருந்தால் மிச்ச வேலையை நாங்களே செய்துபோடலாமே. எதை வாங்குவது?" நல்ல கேள்விதான். ஆனால் விடை தேடாமல் கடைக்குப் போகக்கூடாது. ஒரு வீட்டில் காப்பை அடகு வைத்துப் பெரிய வட்டவாள் வாங்கியிருந்தார்கள். நிலைகளுக்கு மரம் அறுத்தது மூன்று நாள். பிறகு வாள் பெட்டியிலேயே கிடந்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆகவே இப்பாடத்தில் நாம் சொல்ல விரும்புவது இதுவே: ஒரு குடும்பம் சொந்தமாக வைத்திருக்க வேண்டிய மின்கருவி ஒன்றே ஒன்று, அது துளைகருவி. மற்றவற்றைச் சங்கமாகச் சேர்ந்து வைத்திருக்கலாம், அல்லது தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம். அதைவிட முக்கியமானது, எந்தக் கருவியும் நமது கையையோ கண்ணையோ விலையாகக் கேட்க விடக்கூடாது. வயலில் இறங்குவதற்கும் அந்தக் கைதான் வேண்டும்.

1. முதலில் வேலையை எழுதுவோம்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்பியில் அடுத்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். கதவு பொருத்துதல், யன்னல் கம்பி போடுதல், கூரைச் சிலாகை அடித்தல், தட்டு அமைத்தல், ஆட்டுக்கொட்டில் திருத்துதல், மண்வெட்டிக்குப் பிடி போடுதல் என்று எழுதிக்கொண்டு போனால் ஒன்று தெளிவாகும். இவற்றில் பெரும்பாலானவை துளையில் தொடங்குகின்றன. பிணைச்சலுக்குத் துளை, திருகாணிக்குத் துளை, சுவரில் கொளுக்கிக்குத் துளை. அறுப்பதும் சீவுவதும் சில நாள் வேலை. துளைப்பது ஆண்டு முழுவதும் வரும் வேலை.

2. துளைகருவி

கையால் தூக்கிச் செல்லக்கூடிய மின் துளைகருவியை 1895இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் செய்தது. அதன் நிறை ஏறத்தாழ ஏழரைக் கிலோ. இன்று நாம் டிறில் என்று சொல்லும் கருவியின் கைத்துப்பாக்கி வடிவத்துக்கும் விரலால் அழுத்தும் சுவிச்சுக்கும் அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. இப்போது வீட்டுப் பாவனைக்குரிய டிறில் இரண்டு கிலோ அளவிலேயே இருக்கும். ஆகவே இது ஆண்களுக்கு மட்டும் உரிய கருவி அன்று. கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகளும் ஒரு நாளில் இதைப் பழகிக்கொள்ளலாம்.

வாங்கும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள். பிற்றைப் பிடிக்கும் வாய் 13 மில்லிமீற்றர் வரை திறக்க வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். சுவர் துளைப்பதற்கான ஹாமர் முறை இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு 600 வாற்று அளவு போதுமானது.

பிற்றில்தான் பலர் தவறு செய்கின்றோம். மரத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று எனப் பிற்றுகள் வேறு வேறு. சுவர்ப் பிற்றின் நுனியில் கடினமான உலோகத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். ஹாமர் முறை அதற்கு மட்டுமே. மரத்திலும் இரும்பிலும் தரையோட்டிலும் ஹாமரை நிறுத்திவிட வேண்டும். பிற்றின் பருமன் கூடக்கூட வேகத்தைக் குறைக்க வேண்டும். இரும்பில் துளைக்கும் முன் புள்ளி குத்தி, ஒரு துளி எண்ணெய் விட்டால் பிற் வழுக்காது, எரியாது.

எமது பிரதேச மரங்களுக்கு டிறில் ஒரு பெரிய உதவி. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையில் ஆணியை நேரே அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். முதிரையும் பாலையும் அப்படியே. ஆணியைவிடச் சற்று மெல்லிய பிற்றினால் முதலில் துளைத்துவிட்டால் இரண்டும் தப்பும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் சொறியை உண்டாக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் கழுவுங்கள்.

டிறில் சிறிய கருவி என்று அலட்சியம் வேண்டாம். பிற் இறுகினால் கருவி முழுவதும் சுழன்று மணிக்கட்டை முறுக்கும். துளைக்கும் பொருளைக் கையால் பிடிக்காமல் மேசையோடு இறுக்கிக் கட்டுங்கள். சேலைத் தலைப்பு, தளர்ந்த கைச்சட்டை, அவிழ்ந்த கூந்தல், கையுறை ஆகியவற்றைச் சுழலும் பிற் இழுத்துக்கொள்ளும். சுவரில் சுவிச்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்க வேண்டாம். உள்ளே வயர் போகலாம்.

3. கிறைண்டர்

இரும்புக் கம்பி வெட்ட, ஒட்டு வேலையைத் தேய்க்க, மண்வெட்டி தீட்ட என்று கிறைண்டர் பல வேலை செய்யும். அதனால் பலருக்கும் பிடித்த கருவி இது. ஆனால் நாம் மிகவும் பயப்பட வேண்டிய கருவியும் இதுவே. நான்கு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. தட்டு உடைந்தால் அதே வேகத்தில் துண்டு பறக்கும்.

ஆகவே ஐந்து விதிகள்:

முதலாவது, தட்டின் காப்பு மூடியைக் கழற்றவே கூடாது. மூடி தடையாக இருக்கின்றது என்று கழற்றிவிட்டு வேலை செய்வது எமது பட்டறைகளில் ஒரு கெட்ட பழக்கம்.

இரண்டாவது, தட்டில் எழுதியுள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்துக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். நனைந்த, கீழே விழுந்த, காலாவதியான தட்டுகளை எறிந்துவிடுங்கள். பல தட்டுகளின் நடு வளையத்தில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, மரம் அறுக்கும் பல்லுள்ள வாள் தட்டைக் கிறைண்டரில் பூட்டவே கூடாது. பல் மரத்தில் கொளுவியதும் கருவி கையை விட்டுத் துள்ளும். கழுத்தும் தொடையும் வெட்டுப்படுவது இவ்வாறுதான்.

நான்காவது, கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைப்புள்ள கண்ணாடி அணியுங்கள். வாசிக்கும் கண்ணாடி போதாது.

ஐந்தாவது, தீப்பொறி போகும் திசையைப் பாருங்கள். கிடுகு வேலி, வைக்கோற் போர், பெற்றோல் கான் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரம் அவ்விடத்தைக் கவனியுங்கள்.

4. அறுப்பதும் சீவுவதும்

மெல்லிய பலகையில் வளைந்து அறுக்க ஜிக்சோ, நீளப் பலகையை நேராக அறுக்க வட்டவாள், நிலையைச் சீராக்க மின்சீவுளி. கதவு யன்னல் வேலைக்கு இம்மூன்றும் பயன்படும். ஆனால் ஒரு வீட்டுக்கு இவை தேவைப்படுவது சில நாட்களே. ஆகையால் இவை சங்கத்தின் கருவிகள். வட்டவாளில் வெட்டிய பிளவு நெருங்கி வாளை இறுக்கினால் வாள் நம்மை நோக்கித் திரும்பிப் பாயும். எனவே வாளுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். வெட்டிய துண்டு தானாக விலகி விழும்படி பலகையைத் தாங்கி வையுங்கள். பழகாதவர் தச்சர் ஒருவர் அருகில் இல்லாமல் வட்டவாளைத் தொட வேண்டாம்.

5. மின்சாரக் கணக்கு

கருவியில் எழுதியுள்ள வாற்றை 230ஆல் வகுத்தால் அது எத்தனை அம்பியர் இழுக்கும் என்று தெரியும். 600 வாற்று டிறில் ஏறத்தாழ 2.6 அம்பியர். 1,400 வாற்று வட்டவாள் 6 அம்பியருக்கு மேல். எனவே விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட 5 அம்பியர் பிளக்கில் வட்டவாளைப் பூட்டக்கூடாது.

தூரத்துக்கு வயர் இழுப்பதிலும் கணக்கு உண்டு. 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 50 மீற்றர் இழுத்து 6 அம்பியர் எடுத்தால் வழியிலேயே ஏறத்தாழ 11 வோல்ற்று குறையும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் குறைவது நாலரை வோல்ற்று அளவே. கிராமத்தில் மாலை நேரத்தில் ஏற்கனவே வோல்ற்று குறைவாக இருந்தால் மோட்டார் திணறிச் சூடேறி எரியும். சுருளில் உள்ள வயரை முழுவதும் விரித்துவிட்டே பாவியுங்கள். சுற்றியபடி இருந்தால் வயரே உருகலாம்.

வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கின்றதா என்று பாருங்கள். மின் ஒழுக்கு ஏற்பட்டதும் மின்சாரத்தை வெட்டி உயிரைக் காப்பது அதுவே. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் உள்ள அடையாளம் கருவியில் இருந்தால் அது இரட்டைக் காப்புடையது; அதற்கு நிலத்தொடுப்பு வயர் தேவையில்லை. ஆயினும் ஈரக் கையோடும் ஈர நிலத்திலும் எந்தக் கருவியையும் தொடாதீர்கள். பிளக் இல்லாமல் வயர் நுனிகளைத் துளையில் செருகும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

மின்சாரம் இன்னும் வராத காணிகளில் பற்றரி டிறில் உதவும். 18 வோல்ற்று, 2 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 36 வாற்று-மணி சக்தி. திருகாணி முடுக்கவும் மரம் துளைக்கவும் இது தாராளம். கொங்கிறீற்று உடைக்கப் போதாது. பற்றரியை வெயிலில் வைக்க வேண்டாம். சங்கத்துக்குக் கருவிகள் வாங்கும்போது ஒரே பற்றரி பல கருவிகளுக்கும் பொருந்தும்படி ஒரே நிறுவனத்தில் வாங்குவது இலாபம்.

6. மின்கருவியால் தொடக் கூடாதவை

அஸ்பெஸ்டஸ் சீற். எமது கூரைகளில் பெருமளவு இதுதான். இதைக் கிறைண்டரால் வெட்டும்போது எழும் வெள்ளைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் உள்ளன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோய் உடனே தெரியாது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வரும். வெட்டியவரின் சேர்ட்டில் ஒட்டிய தூசி அவரை ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் பிள்ளையின் மூச்சிலும் போகும். வெட்டியே ஆக வேண்டுமானால் நன்றாக நனைத்து, கைவாளால், திறந்த வெளியில், உரிய முகமூடியோடு வெட்டுங்கள். வாயில் கட்டும் துணி இதற்குப் போதாது. புதுக் கூரை போடுவோர் ஓடு, தகரம் போன்றவற்றை நினைத்துப் பாருங்கள்.

காணியில் கிடைக்கும் இரும்பு. போர் 2009இல் முடிந்தாலும் வெடிக்காத பொருட்களை அகற்றும் பணி அதன் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. துப்புரவாக்கும்போது அகப்படும் அடையாளம் தெரியாத இரும்பைப் பழைய இரும்பு விலைக்காக வெட்டவும் துளைக்கவும் வேண்டாம். தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

வெறும் எண்ணெய்ப் பீப்பாய். உள்ளே எண்ணெய் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். ஒரு தீப்பொறி பட்டால் அது வெடிக்கும்.

7. கூட்டாக வைத்திருத்தல்

பத்துக் குடும்பங்கள் பத்து வட்டவாள் வாங்குவது வீண். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு கிறைண்டர், ஒரு வட்டவாள், ஒரு மின்சீவுளி வாங்கினால் எல்லோருக்கும் போதும். ஆனால் பொதுப் பொருள் என்றால் பொறுப்பில்லாப் பொருள் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதற்குச் சில ஒழுங்குகள்:

ஒருவரிடமே திறப்பு இருக்கட்டும். எடுத்த நாள், கொடுத்த நாள், கண்ட பழுது ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக் கையொப்பம் இடட்டும். சிறு வாடகை அறவிட்டு, அதைக் காபன் பிறஷ், தட்டு, வயர் மாற்றவென்று தனியே வைக்கட்டும். கண்ணாடியும் முகமூடியும் கருவியோடு சேர்ந்தே போகட்டும். அவை இல்லாமல் கருவி வெளியே போகக்கூடாது. கொடுக்கும் முன் காற்றுத் துளைகளில் உள்ள தூசியைத் தட்டிவிடட்டும். பழகாதவருக்கு முதல் நாள் பழக்கிவிட்டே கொடுக்கட்டும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் வாங்கியும் பாவிக்காமல் கிடக்கும் கருவிகள் எவை? அவற்றைச் சங்கத்துக்கு வாடகைக்கோ விலைக்கோ பெறலாமா?

2. கிறைண்டரால் விரலோ கண்ணோ காயப்பட்டவர் எம்மில் உண்டா? அன்று எந்த விதி மீறப்பட்டது?

3. டிறில் பாவிக்கப் பழக விரும்பும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களைப் பழக்கக்கூடிய தச்சர் யார்?

4. எமது வீடுகளில் எத்தனையில் ட்ரிப் சுவிச் உண்டு? இல்லாத வீடுகளுக்கு என்ன செய்யப்போகின்றோம்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தமது ஆறு மாத வேலைப் பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்த பின்னரே எந்தக் கருவி வாங்குவது என்று தீர்மானிப்போம்.