காற்றைப் பார்த்துத் திரை கட்டுங்கள்

கோடை விடுமுறையில் தெருப் பூங்காவில் எல்லோருக்கும் இலவசமாக ஒரு படம் போடலாம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஆரம்பித்தால், அடுத்த நிமிடமே பேச்சு புரொஜெக்டர் வாடகைக்குப் போய்விடும். நான் பார்த்தவரை சென்னையில் பூங்காக் காட்சிகளைக் கெடுப்பது புரொஜெக்டர் அல்ல, திரை. ஏழு மணிக்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும், எட்டு மணிக்குக் கடற்காற்று வலுக்கும், கம்பு சாயும், நான்கு இளைஞர்கள் படம் முடியும்வரை திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி திரையைப் பற்றித்தான். மற்றவை சுருக்கமாக.

முதலில் பூங்கா யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெருக்களில் உள்ள சிறு பூங்காக்கள் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை. மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். செம்மொழிப் பூங்கா போன்றவை தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கின்றன. எந்தப் பூங்காவானாலும் காவல் நிலையத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். மனுவில் ஒலிபெருக்கி, திரையிடல் இரண்டையும் எழுதுங்கள். ஒரு மாதம் முன்பே கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் இடம் போதும். மருத்துவமனைக்கு நூறு மீட்டருக்குள் இருக்கும் பூங்காவை நினைக்கவே வேண்டாம். அது அமைதி மண்டலம்.

அடுத்தது படம். 'இலவசமாகத்தானே காட்டுகிறோம், யார் கேட்கப்போகிறார்கள்' என்பதை இதோடு விட்டுவிடுங்கள். காசு வாங்காவிட்டாலும் பொது இடத்தில் படம் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். உங்கள் ஓடிடி சந்தா உங்கள் வீட்டுக்கு மட்டும்தான். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1964 வரை வெளிவந்த படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 'சபாபதி' (1941), 'அந்த நாள்' (1954), 'காதலிக்க நேரமில்லை' (1964) எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆனால் அண்மையில் புதுப்பித்து வெளியிட்ட பிரதிகளுக்கும் இது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பாடல், இசை இவற்றின் உரிமையும் தனிக் கணக்கு. சங்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தால் அவரிடம் காட்டிவிடுங்கள். புதிய படம்தான் வேண்டும் என்றால் தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வாங்குங்கள்; கடிதம் இல்லாமல் காட்சி இல்லை. 'யு' சான்றிதழ் பெற்ற படத்தையே எடுங்கள், குழந்தைகள்தான் முன்வரிசை. என்னைக் கேட்டால், முதல் காட்சிக்குச் சிரிப்புப் படம். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் மொத்தப் பூங்காவும் சேர்ந்து சிரிப்பதை வீட்டுத் தொலைக்காட்சி தராது.

நேரக் கணக்கு எளிது. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மே மாதத்தில் சென்னையில் ஆறரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், ஏழு மணிக்கு இருட்டிவிடும். பாரிஸின் லா வில்லெத் பூங்காவில் கோடைக்கால இலவசத் திரையிடலுக்கு ஜூலை மாதத்தில் இரவு பத்து தாண்டியும் இருட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏழு மணிக்குத் தொடங்குங்கள். வரவேற்புரை, நன்றியுரை, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

இனி திரை. பூங்காவில் நீளமான, ஜன்னல் இல்லாத சுவர் ஒன்று இருந்தால் திரையே தேவையில்லை. பம்ப் அறைச் சுவரோ இறகுப்பந்து ஆடும் இடத்துச் சுவரோ, அனுமதி வாங்கி இரண்டு பூச்சு மங்கல் வெள்ளை அடித்துவிடுங்கள். எந்தக் காற்றும் அதை அசைக்காது.

சுவர் இல்லையென்றால் 12 அடி அகலம், 7 அடி உயரத்தில் திரை கட்டலாம். நூறு பேருக்கு இதற்கு மேல் வேண்டாம். இந்த அளவுத் திரை மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றை நேருக்கு நேர் வாங்கினால் சுமார் 18 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். காற்று 40 ஆனால் தள்ளுவிசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்: எழுபது கிலோவுக்கு மேல். நீங்கள் கட்டுவது படகுப் பாய் என்று நினைத்துக்கொண்டே கட்டுங்கள்.

அதனால் எந்தத் திசையில் கட்டுகிறோம் என்பதுதான் முழு வேலையும். கோடை மாலைகளில் சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். சூரியன் மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி மறையும். திரையின் முகம் தென்கிழக்கைப் பார்த்தால் காற்று அறையும், மேற்கைப் பார்த்தால் அந்தி வெளிச்சம் விழுந்து படம் வெளுக்கும். இரண்டுக்கும் ஒரே விடை ஈசானியம். திரையின் முகம் வடகிழக்கைப் பார்க்கட்டும். காற்று திரையின் ஓரத்தை உரசிக்கொண்டு போய்விடும், மேற்கு வானம் திரையின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கோவையில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து வீசும். எந்த ஊரானாலும், முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு அதே இடத்தில் ஒரு கம்பில் ரிப்பன் கட்டிப் பாருங்கள். ரிப்பன் பறக்கும் திசைக்கு இணையாகத் திரையின் நீளம் இருக்க வேண்டும்.

கம்புக்குப் பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பு கேளுங்கள், பதினான்கு அடி. திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் முன்வரிசைத் தலைகளே படம். ஒவ்வொரு கம்புக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று இழுகயிறுகள். கம்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி மணல் மூட்டைகளில் கட்டுங்கள். முளை அடிக்காதீர்கள், புல்லுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்று தோட்டக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மரத்தில் ஆணி அடிப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

திரையைக் கம்பில் இறுக்கிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. இறுகக் கட்டிய திரை ஒவ்வொரு காற்றுக்கும் கம்பையே இழுக்கும், கடைசியில் கிழியும். பழைய சைக்கிள் டியூபை விரலளவு வளையங்களாக வெட்டி, திரையின் ஓட்டைகளுக்கும் கம்புக்கும் நடுவில் மாட்டுங்கள். காற்று வரும்போது திரை கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடனே பழைய இடத்துக்கு வந்துவிடும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. திரையில் ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்று யாராவது கத்திரிக்கோலோடு வந்தால் அனுப்பிவிடுங்கள். படத்தில் ஓட்டை விழுவதுதான் மிச்சம்.

மேல் முடிச்சுகள் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கோடை மழைக்கு முன் அடிக்கும் காற்று எச்சரிக்கை கொடுக்காது. இடி கேட்டால், மின்னல் தெரிந்தால், முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது, இரண்டாவது திரையை இறக்குவது. பத்து நிமிடம் பார்ப்போம் என்று காத்திருப்பது ஆபத்து.

திரைத்துணி மங்கலான வெள்ளையாக இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டலாம் என்பார்கள். பளபளப்பாக இருந்தால் நடுவில் விளக்கு எரிவதுபோல் ஒரு புள்ளி தெரியும். புரொஜெக்டரின் ஒளி 3,500 ஆன்சி லூமென் இருந்தால் இந்தத் திரைக்குத் தாராளம். பெட்டியில் பெரிய எண்ணைப் போட்டு, 'ஆன்சி' என்ற சொல் மட்டும் இல்லாத சின்னக் கருவிகளை நம்பாதீர்கள். அதைவிட முக்கியம், திரையின் முகத்தில் வெளிச்சம் அடிக்கும் கம்ப விளக்குகளை அணைக்க வைப்பது. பூங்கா விளக்குகள் பல இடங்களில் தானாக எரிபவை; மின் பணியாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள். வாயில், பாதை, கழிப்பறை விளக்குகள் எரியத்தான் வேண்டும். பெண்களும் முதியவர்களும் இருட்டில் தடவிக்கொண்டு நடக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு ஒரு 15 ஆம்ப் இணைப்பு போதும், ஆனால் அதில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அன்று காலையிலிருந்து புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். ஈரப் புல்லில் ஒயர், ஈரப் புல்லில் ஜமக்காளம், இரண்டுமே ஆகாது. புரொஜெக்டரை வீட்டு யுபிஎஸ் வழியாகக் கொடுங்கள். மின்வெட்டில் விசிறி சட்டென்று நின்றால் சூடான விளக்கு கெட்டுப்போகலாம்.

ஒலிக்குக் குழாய் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். திரையின் இரு பக்கமும் ஒவ்வொரு பெட்டி, கூட்டத்தின் நடுவே ஓரங்களில் குறைந்த ஒலியில் இன்னும் இரண்டு. புளூடூத்தில் இணைக்காதீர்கள்: உதடு ஒரு நேரம் அசையும், குரல் ஒரு நேரம் வரும். மடிக்கணினியைப் புரொஜெக்டர் பக்கத்தில் வைத்து, ஒலிக்கு மட்டும் நீளமான ஒயர் இழுங்கள். படம் கணினியிலேயே இருக்கட்டும், இணையத்தை நம்ப வேண்டாம். முன்னால் ஜமக்காளம், பின்னால் நாற்காலி, நடுவில் நடைபாதை. கொசுவுக்கு நொச்சிப் புகையை ஆறு மணிக்கே போட்டு முடித்துவிடுங்கள். படம் ஓடும்போது புகை ஒளிக்கற்றையில் மிதக்கும்.

வாயிலில் எந்தக் குடியிருப்பு என்று யாரையும் கேட்காதீர்கள். பூங்காவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கும், பக்கத்துத் தெருவில் கட்டட வேலை செய்பவர்களுக்கும் முன்னதாகவே நேரில் போய்ச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையை மட்டும் பார்த்து அவர்கள் வர மாட்டார்கள், காவலாளி விரட்டுவார் என்று ஒதுங்கிவிடுவார்கள். காவலாளியிடமும் சொல்லிவையுங்கள். படம் முடிந்ததும் குப்பையைப் பொறுக்கி, மணல் மூட்டைகளை அன்றிரவே அகற்றி, காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு இடத்தை விட்டுக்கொடுங்கள். அவர்கள் புகார் எழுதினால் அடுத்த அனுமதி கிடைக்காது. மே மாதக் காட்சிக்கு மனு ஏப்ரல் முதல் வாரத்துக்குள் போய்விட வேண்டும்.