புகைபோக்கியின் உட்பூச்சைப் பேணுவோம்

விறகடுப்புக்குப் புகைபோக்கி அமைத்துவிட்டால் வேலை முடிந்ததெனப் பலர் கருதுகின்றனர். புகையில்லா அடுப்பைப் பரப்ப 1983-இல் மத்திய அரசு தேசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. எனினும், பராமரிப்பின்றிப் பல அடுப்புகள் பயனற்றுப் போயின.

சூடான புகை இலேசானது, ஆதலின் மேலெழுகிறது. குழாயின் உட்சுவர் வழவழப்பாகவும் வெடிப்பின்றியும் இருந்தால் அது தடையின்றி வெளியேறும். ஈர விறகை எரித்தாலோ, புகையிலுள்ள நீராவியும் பிசுக்கும் குளிர்ந்து உட்சுவரில் படியும். குழாய் குறுகி, புகை சமையலறைக்கே திரும்பும். அப்படிவு தீப்பற்றினால் கீற்றுக் கூரைக்கும் ஆபத்து. வெடிப்பின் வழியே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. நன்கு உலர்ந்த விறகையே எரித்தல்.

2. மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியபின், நீண்ட கழியின் நுனியில் பழந்துணி கட்டிக் குழாயினுள் விட்டுக் கரியைத் துடைத்தல். அடியில் விழுந்ததை அள்ளிவிடுதல்.

3. வெடிப்புகளைக் களிமண், உமி, சாணம் கலந்த சேற்றால் பூசி, முற்றும் காய்ந்தபின் தீ மூட்டுதல். வெறும் சிமெண்டுப் பூச்சு வெப்பத்தில் வெடித்துவிடும்.

4. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயைச் சுரண்டாதிருத்தல். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். பழுதானால் சுட்ட மண் குழாய் பொருத்தலாம்.

அடுப்பு எரிகையில் புகை கூரைக்கு மேல் செல்கிறதா, அறைக்குள் சூழ்கிறதா என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் கண்டறிதல் நலம். ஒரு கூடைக் களிமண்ணும் ஒரு மணி நேர உழைப்பும் நம் தாய்மாரின் கண்ணையும் நெஞ்சையும் காக்கும்.